டிப்ளாய் ஆன ஆப்பில் வெர்ஷன் தவறாகத் தெரிகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“அந்த ஃபிக்ஸ் லைவ்ல போயிடுச்சா?” என்ற கேள்விக்கு யாரையும் கேட்காமல் விடை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பக்கத்தின் அடியில் வெர்ஷனைக் காட்டுகிறோம். அந்த எண்ணே தவறாக இருந்தால் அது இல்லாமலிருப்பதே மேல். டெஸ்டர் ஒரு கோடைப் பார்த்துவிட்டு இன்னொரு கோடின் பெயரில் பக் எழுதுவார். டெவலப்பர் எப்போதோ சரிசெய்த பிழையை மறுபடி தேடிக்கொண்டிருப்பார்.

கீழே கட்டளைகளையும் மாறிகளின் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எடுத்துக்காட்டுகள் கிட் (கோடின் வரலாற்றை வைப்பது), டாக்கர் (ஆப்பைப் பொதியாக அடைத்து ஓட்டுவது), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), ஜாவாஸ்கிரிப்ட் முன்பக்கம் (பிரவுசரில் ஓடும் பகுதி) என்ற கூட்டணியை வைத்து எழுதியவை. மற்ற மொழிகளுக்கென்று தனிக் கோளாறு இருக்கும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

முதலில், சரியான அமைப்பு எப்படி இருக்க வேண்டும்

மாத்திரை அட்டையிலேயே பேட்ச் எண் அச்சாகி வருகிறது. கடை அலமாரியில் சீட்டு ஒட்டி வைப்பதில்லை. வெர்ஷனும் அப்படித்தான் பில்டுக்குள்ளேயே (கோடிலிருந்து தயாராகும், ஓட்டத்தக்க வடிவம்) இருக்க வேண்டும். சர்வரில் தனியாக ஒரு என்வி மாறி (ஆப் ஓடும் சூழலில் வைக்கும் மதிப்பு), டேட்டாபேஸில் ஒரு வரி, யாரோ கையால் மாற்றும் கான்ஃபிக் ஃபைல் என்று வைத்தால், கோட் ஒரு பக்கம் போகும், எண் இன்னொரு பக்கம் நிற்கும். இந்தக் கட்டுரையில் வரும் பிழைகளில் பாதி, எண்ணும் கோடும் தனித்தனியாகப் பயணம் செய்வதால் வருபவை.

நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு இது. பில்ட் தொடங்கும்போது சிஐ பைப்லைன் (பில்ட், டெஸ்ட், டிப்ளாய் வேலைகளைத் தானாகச் செய்யும் அமைப்பு) ஒரே ஒருமுறை ‘கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்’ ஓட்டி, கமிட்டின் அடையாளமான முழு 40 எழுத்து ஹாஷை எடுக்கிறது. அதோடு டேக் (ஒரு கமிட்டுக்கு நாம் சூட்டும் வெர்ஷன் குறி) பெயர், பைப்லைன் எண், யுடிசியில் பில்ட் நேரம் ஆகியவற்றையும் சேர்த்து வெர்ஷன்.ஜேசன் என்ற ஃபைலில் எழுதுகிறது. அந்த ஃபைல் டாக்கர் இமேஜுக்குள் (ஆப்பையும் அது ஓடத் தேவையானவற்றையும் அடைத்த பொதி) போகிறது. சர்வர் புராசஸ் தொடங்கும்போது அதை ஒருமுறை படித்து மெமரியில் வைத்துக்கொண்டு, ‘/ஏபிஐ/வெர்ஷன்’ என்ற முகவரியில் தருகிறது. முன்பக்க பண்டிலுக்குள் அதே மதிப்பு தனியாகப் பதிக்கப்படுகிறது. பக்கத்தின் அடியில் இரண்டும் தெரிகின்றன: வெப் இது, ஏபிஐ இது.

“தொடங்கும்போது ஒருமுறை” என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபைலைப் படித்தால், டிப்ளாய் ஸ்கிரிப்ட் புதிய ஃபைலை வைத்த மறுநொடியே புதிய எண் தெரியும். புராசஸ் ரீஸ்டார்ட் ஆகாமல் பழைய கோடையே ஓட்டிக்கொண்டிருந்தாலும் எண் மட்டும் புதிதாகத் தெரியும். இதைவிட ஏமாற்றும் நிலை வேறில்லை.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

நான்கு இடங்களில் மதிப்பைப் பாருங்கள், உள்ளிருந்து வெளியே வரும் வரிசையில்.

1. இமேஜுக்குள்: ‘டாக்கர் ரன் --ஆர்எம்’ போட்டு, இமேஜ் பெயர் கொடுத்து, உள்ளே இருக்கும் வெர்ஷன்.ஜேசனை ‘கேட்’ செய்யுங்கள். இமேஜில் என்ட்ரிபாயின்ட் வைத்திருந்தால் ‘--என்ட்ரிபாயின்ட் கேட்’ என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆப்பே ஓடத் தொடங்கிவிடும்.
2. சர்வருக்குள்: அந்த மெஷினுக்குள் நுழைந்து, லோக்கல்ஹோஸ்ட்டில் ஆப்பின் போர்ட்டுக்கு நேரடியாக ‘கர்ல்’ அடியுங்கள். நடுவில் என்ஜின்எக்ஸ் வேண்டாம்.
3. வெளியிலிருந்து: பொது முகவரிக்கு ‘கர்ல் -ஐ’ (சிறிய எழுத்து ஐ). இது ஹெடர்களையும் உடலையும் சேர்த்துக் காட்டும்.
4. பிரவுசரில்: பிரைவேட் ஜன்னலில் ஒருமுறை, வழக்கமான ஜன்னலில் ஒருமுறை.

மதிப்பு முதலில் எங்கே மாறுகிறதோ, அதற்கு முந்தைய படிக்கும் அந்தப் படிக்கும் நடுவில்தான் கோளாறு. 1-இலேயே தவறென்றால் பில்ட். 1 சரி, 2 தவறென்றால் டிப்ளாய் அல்லது ரீஸ்டார்ட். 2 சரி, 3 தவறென்றால் பிராக்ஸி அல்லது சிடிஎன் (ஆப்புக்கும் யூசருக்கும் நடுவில் நின்று, விடைகளைச் சேமித்தும் தரும் சர்வர்கள்). 3 சரி, 4 தவறென்றால் பிரவுசர் கேஷ் அல்லது சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் நின்று ஃபைல்களைத் தரும் ஸ்கிரிப்ட்). இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கேஷைத் துடைக்கத் தொடங்குபவர்கள்தான் அரை நாள் இழக்கிறார்கள்.

அறிகுறி: வெர்ஷன் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது, அல்லது ‘அன்டிஃபைன்ட்’ என்று வருகிறது

டாக்கர் பில்டில் ‘ஆர்க்’ (பில்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு) என்பது பில்ட் நேரத்தோடு முடிந்துவிடும். கண்டெய்னர் (ஓட்டப்படும் இமேஜ்) ஓடும்போது அது இருக்காது. ஓடும்போதும் வேண்டுமென்றால் ‘ஆர்க்’ வரிக்குக் கீழே அதே பெயரில் ‘என்வி’ வரி எழுத வேண்டும், அல்லது அந்த மதிப்பை ‘ரன்’ வரியில் ஒரு ஃபைலில் எழுதிவிட வேண்டும்.

அதைச் செய்தும் வெறுமையாக வந்தால், ‘ஆர்க்’ எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஃப்ரம்’ வரிக்கு மேலே அறிவித்த ஆர்க், அந்த ‘ஃப்ரம்’ வரியில் மட்டுமே செல்லும். ஸ்டேஜுக்குள் (ஒரு ‘ஃப்ரம்’ வரியில் தொடங்கும் பில்ட் பகுதி) வேண்டுமென்றால் உள்ளே இன்னொருமுறை ‘ஆர்க்’ என்று பெயரை மட்டும் எழுத வேண்டும். மல்டி-ஸ்டேஜ் பில்ட் என்றால், தேவைப்படும் ஒவ்வொரு ஸ்டேஜிலும் எழுத வேண்டும். டாக்கர் இதற்குப் பிழை காட்டாது, வெறுமையான மதிப்பை வைத்துக்கொண்டு பச்சையாக முடித்துவிடும். ஆகவே ஆர்க் வரிக்குக் கீழே, மதிப்பு வெறுமையாக இருந்தால் பில்டை நிறுத்தும் ஒரு ‘டெஸ்ட் -என்’ வரி வைத்துவிடுங்கள்.

ஒரு கிளைக் குறிப்பு: ஹாஷ் ஒவ்வொரு கமிட்டுக்கும் மாறும். அந்த ஆர்க்கை டாக்கர்ஃபைலின் மேலேயே வைத்தால், அதற்குக் கீழே இருக்கும் ‘ரன்’ வரிகளின் கேஷ் எல்லாம் ஒவ்வொரு பில்டிலும் வீணாகும். பேக்கேஜ் இன்ஸ்டால் முடிந்த பிறகு, முடிந்தவரை கடைசியில் வையுங்கள்.

முன்பக்கத்தில் வெறுமை என்றால் பெயரின் முன்னொட்டைப் பாருங்கள். வைட் (Vite) என்ற பில்ட் கருவி, ‘வைட்_’ என்று தொடங்கும் என்வி மாறிகளை மட்டுமே பிரவுசர் கோடுக்குத் தரும். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் ‘நெக்ஸ்ட்_பப்ளிக்_’. முன்னொட்டு இல்லாத மாறி பிரவுசரில் அன்டிஃபைன்ட் ஆகத்தான் வரும். ரகசிய மதிப்புகள் தெரியாமல் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. இந்த மதிப்புகள் பில்ட் நடக்கும்போதே கோடுக்குள் எழுத்தாகப் பதிந்துவிடுகின்றன. கண்டெய்னரை ஓட்டும்போது ‘-இ’ கொடுத்து மாற்றினால் பிரவுசருக்கு அது போய்ச் சேராது.

இன்னொரு பில்ட் கருவியான வெப்பேக்கின் டிஃபைன் பிளக்-இன்னில் இன்னொரு பொறி இருக்கிறது. அது நீங்கள் கொடுப்பதை மதிப்பாக எடுத்துக்கொள்ளாது, கோடாகவே ஒட்டும். ஹாஷை ‘ஜேசன்.ஸ்டிரிங்கிஃபை’ செய்யாமல் கொடுத்தால், எழுத்தில் தொடங்கும் ஹாஷ் ஒரு மாறியின் பெயராகிவிடும், பிரவுசர் கன்சோலில் ரெஃபரன்ஸ் எரர் வரும். எண்ணில் தொடங்கி நடுவில் எழுத்து வந்தால் சின்டாக்ஸ் எரர். சுருக்க ஹாஷின் ஏழு எழுத்தும் எண்ணாகவே அமைந்தால் பிழையே வராது, ஏதோ ஒரு எண் தெரியும். அதனால்தான் இந்தப் பிழை சில பில்டுகளில் தெரிந்தும் சிலவற்றில் தெரியாமலும் ஆட்டம் காட்டும்.

அறிகுறி: பில்டில் ‘நாட் எ கிட் ரெப்பாசிட்டரி’ என்ற பிழை

டாக்கர்ஃபைலுக்குள்ளே கிட் கட்டளை ஓட்டுகிறீர்கள். ‘.டாக்கர்இக்னோர்’ ஃபைலில் ‘.கிட்’ இருக்கிறது. இருக்கவும் வேண்டும், அதை எடுத்துவிட்டு முழு வரலாற்றையும் இமேஜுக்குள் கொண்டுபோவது தீர்வாகாது. மேலும் ஆல்பைன், ஸ்லிம் வகை இமேஜ்களில் கிட்டே இருக்காது. ஹாஷை வெளியே எடுத்து, ‘--பில்ட்-ஆர்க்’ வழியாக உள்ளே அனுப்புங்கள்.

‘.கிட்’ இருந்தும் இதே பிழை வந்தால், நீங்கள் கிட் வொர்க்ட்ரீயிலோ சப்மாட்யூலிலோ இருக்கலாம். அங்கே ‘.கிட்’ என்பது ஃபோல்டராக இருக்காது. வேறொரு இடத்தைச் சுட்டும் ஒரு வரி கொண்ட சிறு ஃபைலாக இருக்கும். அந்த இடம் கண்டெய்னருக்குள் இல்லை.

‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்று வந்தால் கதை வேறு. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், ஃபோல்டரின் உரிமையாளரும் கட்டளை ஓட்டும் யூசரும் வேறாக இருந்தால் கிட் மறுத்துவிடும். சிஐ கண்டெய்னரில் ரூட் ஓட்ட, ஃபோல்டர் வேறு யூசரிடம் இருக்கும். ‘கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி’ என்று அந்த ஒரு பாதையை மட்டும் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாப் பாதைக்கும் திறந்துவிடும் ஆலோசனை இணையத்தில் நிறைய கிடைக்கும். மறுநொடி அழியப்போகும் சிஐ கண்டெய்னரைத் தவிர வேறெங்கும் அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: டேக் பெயர் வரவில்லை, ஹாஷ் மட்டும் வருகிறது, அல்லது பழைய டேக் வருகிறது

‘கிட் டிஸ்கிரைப் --டேக்ஸ் --ஆல்வேஸ் --டர்ட்டி’ என்ற கட்டளைதான் பெரும்பாலும் பயன்படுகிறது. இதன் விடை ‘வி1.4.2-7-ஜி’ என்று தொடங்கி, பின்னால் ஹாஷ் ஒட்டி வரும். 1.4.2 டேக்குக்குப் பிறகு 7 கமிட் ஆகியிருக்கிறது என்று பொருள். அந்த ‘ஜி’ கிட்டைக் குறிக்கும் எழுத்து, ஹாஷின் பகுதி இல்லை. அதையும் சேர்த்துக் காப்பி செய்து தேடினால் கமிட் கிடைக்காது.

டேக் வராததற்கு முதல் காரணம் ஷாலோ குளோன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் இறக்கும். டேக் இல்லை, வரலாறும் இல்லை, எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ‘ஃபெட்ச்-டெப்த்’ மதிப்பை 0 ஆக்கினால் எல்லாம் வரும். கிட்லேபில் அதே வேலைக்கு ‘கிட்_டெப்த்’ மாறியை 0 ஆக்க வேண்டும். ‘--ஆல்வேஸ்’ போட்டிருப்பதால் கட்டளை தோற்காமல் வெறும் ஹாஷைத் தந்துவிடுகிறது. பில்ட் லாகில் பிழையே தெரியாது. ரிலீஸ் பைப்லைனில் ‘--ஆல்வேஸ்’ஸை எடுத்துவிடுங்கள். டேக் இல்லாவிட்டால் பில்ட் நிற்கட்டும்.

இரண்டாவது: ‘--டேக்ஸ்’ இல்லாமல் ஓட்டினால் டிஸ்கிரைப், ‘-ஏ’ கொடுத்து உருவாக்கிய அனோடேட்டட் டேக்குகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். சாதாரண டேக்குகளைத் தாண்டிப் போய்ப் பழையதொன்றைக் காட்டும்.

மூன்றாவது எளிமையானது, ஆனால் அடிக்கடி நடப்பது: ‘கிட் புஷ்’ டேக்கைக் கொண்டுபோகாது. உங்கள் லேப்டாப்பில் இருக்கும் டேக் சர்வரில் இருக்காது. ‘--ஃபாலோ-டேக்ஸ்’ சேர்க்கலாம், அதுவும் அனோடேட்டட் டேக்குகளை மட்டுமே எடுத்துப்போகும். டேக்கை பில்டுக்குப் பிறகு போட்டாலும் இதே நிலைதான். பில்ட் முடிந்த இமேஜுக்குள் பழைய டேக் பதிந்தாகிவிட்டது. மறுபடி பில்ட் செய்தால்தான் மாறும்.

ஒரே ரெப்போவில் பல ஆப்கள் இருந்தால், பக்கத்து ஆப்பின் டேக் வந்து நிற்கும். ‘--மேட்ச்’ கொடுத்து உங்கள் முன்னொட்டுள்ள டேக்குகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: டிப்ளாய் முடிந்தது, பழைய வெர்ஷனே தெரிகிறது

இதற்குத்தான் அதிகக் காரணங்கள். முதல் சோதனையின் விடையை வைத்துக்கொண்டு படியுங்கள்.

*சர்வருக்குள்ளேயே பழையது.* இமேஜ் டேக்கைப் பாருங்கள் (இமேஜ் பெயரோடு வரும் குறி, கிட் டேக் வேறு). ‘ஸ்டேஜிங்’ போன்ற ஒரே டேக்கை ஒவ்வொருமுறையும் மேலெழுதிப் புஷ் செய்கிறீர்களா? குபர்நெட்டிஸில் (பல மெஷின்களில் கண்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் கருவி) இமேஜ் டேக் ‘லேட்டஸ்ட்’ என்றால் புல் பாலிசி (இமேஜை எப்போது இறக்குவது என்ற விதி) இயல்பாக ‘ஆல்வேஸ்’. வேறு எந்த டேக் என்றாலும் ‘இஃப்நாட்பிரசென்ட்’. அதாவது நோடில் (கண்டெய்னர் ஓடும் மெஷினில்) அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் இமேஜ் இருந்தால் புதிதாக இறக்காது. அதற்கும் முன்னே, யாமல் கான்ஃபிக் ஃபைலில் ஒரு எழுத்தும் மாறாததால் ‘குப்கண்ட்ரோல் (kubectl) அப்ளை’ “அன்சேஞ்ச்ட்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும், ரோல்அவுட்டே (புதிய வெர்ஷனை ஏற்றும் வேலை) நடந்திருக்காது. இமேஜ் டேக்கில் கமிட் ஹாஷையே வையுங்கள், இரண்டு சிக்கலும் தீரும்.

ரோல்அவுட் தொடங்கி முடியாமல் தொங்குவதும் உண்டு. புதிய பாட் (குபர்நெட்டிஸில் கண்டெய்னர் ஓடும் அலகு) ரெடினஸ் சோதனையில் தேறாவிட்டால், பழைய பாட்களே போக்குவரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அப்ளை வெற்றி என்று பைப்லைன் பச்சை காட்டியிருக்கும். ‘குப்கண்ட்ரோல் ரோல்அவுட் ஸ்டேட்டஸ்’ என்ற வரியைப் பைப்லைனின் கடைசியில் சேருங்கள். அது ரோல்அவுட் முடியும்வரை காத்திருக்கும், முன்னேற்றத்துக்கான கெடு (இயல்பாக 600 வினாடி) தாண்டினால் தோற்கும்.

டாக்கர் இல்லாமல் நேரடியாக ஓட்டுபவர்கள் புராசஸ் உண்மையிலேயே மறுபடி தொடங்கியதா என்று பாருங்கள். பைத்தான் ஆப்களை ஓட்டும் கூனிகார்னில் பிரீலோட் (ஆப்பை முதலிலேயே ஏற்றிவைப்பது) வைத்திருந்தால், ரீலோட் செய்யச் சொல்லும் ஹப் சிக்னல் புதிய கோடை ஏற்றாது. முழு ரீஸ்டார்ட் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் சர்வர்களை ஓட்டும் பிஎம்2-வில் என்வி மாறியை மாற்றிவிட்டு வெறும் ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய மதிப்பே இருக்கும். ‘--அப்டேட்-என்வி’ சேர்க்க வேண்டும். சிஸ்டம்டி யூனிட் ஃபைலை மாற்றினால் ‘டீமன்-ரீலோட்’, பிறகு ரீஸ்டார்ட்.

பிஎச்பியில் சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் பெயர்) மாற்றி டிப்ளாய் செய்பவர்களுக்குத் தனித் தலைவலி. ‘கரன்ட்’ என்ற சிம்லிங்க் புதிய ஃபோல்டரைச் சுட்டினாலும், பிஎச்பி பாதையைத் தீர்த்துவைத்த ரியல்பாத் கேஷ் இயல்பாக 120 வினாடி பழையதையே சொல்லும். ஓபிகேஷில் (பிஎச்பி தயாரித்துவைத்த கோடின் கேஷ்) ‘வாலிடேட்_டைம்ஸ்டாம்ப்ஸ்’ 0 என்று வைத்திருந்தால், எஃப்பிஎம்மை (பிஎச்பியை ஓட்டும் புராசஸ்) ரீலோட் செய்யும்வரை பழைய கோடேதான். என்ஜின்எக்ஸில் ‘டாகுமென்ட்_ரூட்’ மாறிக்குப் பதிலாக ‘ரியல்பாத்_ரூட்’ மாறியை எஃப்பிஎம்முக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு ரிலீஸும் தன் உண்மையான பாதையோடு போகும், கேஷ்கள் குழம்பாது.

*சர்வரில் புதியது, வெளியிலிருந்து பழையது.* ‘கர்ல் -ஐ’ காட்டும் ஹெடர்களில் ‘ஏஜ்’ இருக்கிறதா பாருங்கள். அதில் எண் இருந்தால், நடுவில் யாரோ அத்தனை வினாடிகளாக விடையைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். வெர்ஷன் முகவரிக்கும் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லுக்கும் சிடிஎன்னில் விதிவிலக்கு எழுதுங்கள். சிடிஎன் கேஷை ஒருமுறை மட்டும் பர்ஜ் செய்து (துடைத்து) விட்டுவிட்டால் அடுத்த டிப்ளாயில் திரும்ப வரும்.

*வெளியிலிருந்து கர்லில் புதியது, பிரவுசரில் பழையது.* இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லுக்கு கேஷ்-கண்ட்ரோல் ஹெடரே இல்லை என்றால், “அப்படியானால் கேஷ் ஆகாது” என்று நினைப்பவர்கள் பலர். நேர்மாறு. ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ மட்டும் இருந்தால் பிரவுசர் தானே ஒரு காலத்தை ஊகிக்கலாம். எச்டிடிபி கேஷ் தரநிலை சொல்லும் வழக்கமான அளவு, ஃபைலின் வயதில் 10 சதவீதம். 10 நாள் பழைய ஃபைலை 1 நாள் கேட்காமலே வைத்துக்கொள்ளும். இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லுக்கு ‘நோ-கேஷ்’; பெயரிலேயே ஹாஷ் உள்ள ஜேஎஸ், சிஎஸ்எஸ் ஃபைல்களுக்கு ‘மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்’. நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று பொருளில்லை. சேமி, ஆனால் ஒவ்வொருமுறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்பதே அது.

என்ஜின்எக்ஸில் இதை எழுதும்போது ஒன்று: ஒரு லொகேஷன் பிளாக்குக்குள் ‘ஆட்_ஹெடர்’ எழுதினால், மேல்மட்டத்தில் எழுதிய ஆட்_ஹெடர் வரிகள் எதுவும் அங்கே வராது. வெர்ஷனைச் சரிசெய்யப்போய்ப் பாதுகாப்பு ஹெடர்களை இழந்தவர்கள் உண்டு. அவற்றை அந்த பிளாக்கிலும் மறுபடி எழுதுங்கள்.

சர்வீஸ் வொர்க்கர் இருந்தால் எஃப்5 அழுத்துவதால் பலனில்லை. புதிய வொர்க்கர் இறங்கி, பழைய வொர்க்கரைப் பயன்படுத்தும் எல்லா டேபும் மூடப்படும்வரை காத்திருக்கும் நிலையில் நிற்கும். ஒரே டேபை ரிஃப்ரெஷ் செய்வது மூடுவதாகக் கணக்கில்லை. குரோம் டெவ்டூல்ஸில் அப்ளிகேஷன் பகுதியில் சர்வீஸ் வொர்க்கர்ஸைத் திறந்தால் “வெயிட்டிங்” என்று தெரியும். ‘ஸ்கிப்வெயிட்டிங்’ போட்டால் உடனே மாறும். ஆனால் பழைய பக்கம் திறந்திருக்கும்போதே புதிய வொர்க்கர் ஃபைல்களைத் தரத் தொடங்கும், பாதிப் பக்கம் பழையது பாதி புதியது என்றாகலாம். யூசரிடம் ஒரு பட்டன் காட்டி, அவர் அழுத்தியதும் ஸ்கிப்வெயிட்டிங்கும் ரீலோடும் சேர்ந்து நடக்கச் செய்வதே எங்கள் தேர்வு.

*எல்லாம் சரி, சில யூசர்களுக்கு மட்டும் பழையது.* நாள்கணக்கில் டேபை மூடாதவர்கள். அலுவலக ஆப்களில் இவர்களே அதிகம். முன்பக்கக் கோட் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், டேப் மறுபடி கண்ணுக்கு வரும்போதும் வெர்ஷன்.ஜேசனைக் கேட்டு, தன்னுள் பதிந்த ஹாஷோடு ஒப்பிடட்டும். வேறாக இருந்தால் “புதிய வெர்ஷன் வந்திருக்கிறது” என்ற பட்டையைக் காட்டுங்கள். தானாக ரீலோட் செய்யாதீர்கள். பாதி நிரப்பிய படிவம் போனால் உங்களைத்தான் திட்டுவார்கள். இப்படிப்பட்ட டேப்களுக்காக, முந்தைய இரண்டு மூன்று ரிலீஸ்களின் ஜேஎஸ் துண்டுகளைச் சர்வரில் வைத்திருங்கள். டிப்ளாயில் பழைய ஃபைல்களை அழித்துவிட்டால், அந்த யூசர் அடுத்த மெனுவை அழுத்தும்போது துண்டு இறங்காமல் வெள்ளைத் திரை வரும்.

அறிகுறி: ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய இரண்டு வெர்ஷன் மாறி மாறி வருகிறது

ரோலிங் டிப்ளாய் (மெஷின்களில் ஒவ்வொன்றாக ஏற்றுவது) நடந்துகொண்டிருந்தால் இது இயல்பு. சில நிமிடம் பொறுங்கள். நிற்காவிட்டால் லோட் பேலன்சருக்கு (கோரிக்கைகளைப் பல மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புவது) பின்னால் ஏதோ ஒரு மெஷின் டிப்ளாயில் விடுபட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, வெர்ஷன் விடையில் ஹோஸ்ட்நேமையும் சேருங்கள் (உள்ளுக்குள் மட்டும்). ‘கர்ல்’லை ஒரு லூப்பில் 20 முறை ஓட்டி, ‘சார்ட்’, ‘யூனிக் -சி’ வழியாக அனுப்பினால் எந்த மெஷின் எந்த ஹாஷ் என்று எண்ணிக்கையோடு தெரியும். பிரவுசரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டிக்கி செஷன் இருந்தால் உங்களை ஒரே மெஷினுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: காட்டும் ஹாஷ் ரெப்போவில் எங்கும் இல்லை

புல் ரிக்வெஸ்டிலிருந்து (ஒரு பிராஞ்சின் மாற்றத்தை இன்னொன்றில் சேர்க்கக் கேட்பது) பில்ட் ஆனதா? கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புல் ரிக்வெஸ்ட் நிகழ்வில் ‘கிட்ஹப்_ஷா’ உங்கள் பிராஞ்சின் கடைசி கமிட்டைக் குறிக்காது. உங்கள் பிராஞ்சையும் இலக்கு பிராஞ்சையும் சேர்த்து கிட்ஹப் உருவாக்கும் தற்காலிக மெர்ஜ் கமிட்டைக் குறிக்கும். உங்கள் லோக்கல் லாகில் அது இருக்காது. பிரிவியூ டிப்ளாய்களில் நிகழ்வுத் தகவலுக்குள் இருக்கும் புல் ரிக்வெஸ்ட் ஹெட் ஷாவை எடுங்கள். கமிட்களை மாற்றி எழுதும் ஸ்குவாஷ் மெர்ஜ், ரீபேஸ், ஃபோர்ஸ் புஷ் ஆகியவற்றுக்குப் பிறகும் பழைய ஹாஷ் காணாமல் போகும். அங்கே பைப்லைன் எண் கைகொடுக்கும். அதனால்தான் அதையும் ஃபைலில் எழுதச் சொன்னோம்.

பிராஞ்ச் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹெட்’ என்று வந்தால், சிஐ ஒரு கமிட்டை நேராகச் செக்அவுட் செய்திருக்கிறது, எந்தப் பிராஞ்சிலும் இல்லை. சிஐ தரும் பிராஞ்ச் பெயர் மாறியைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: ஹாஷ் ஒன்றுதான், ஒப்பீடு மட்டும் தோற்கிறது

ஓரிடத்தில் 7 எழுத்து, இன்னோரிடத்தில் 8. கிட் 2.11 முதல் சுருக்க ஹாஷின் நீளத்தை ரெப்போவின் அளவைப் பார்த்து கிட்டே முடிவு செய்கிறது. ஷாலோ குளோனில் ஆப்ஜெக்ட்கள் குறைவு, ஹாஷும் குட்டை. எப்போதும் 40 எழுத்தைச் சேமித்து, காட்டும்போது மட்டும் வெட்டுங்கள்.

அறிகுறி: ஹாஷுக்குப் பதில் 1.234567 போன்ற ஒரு தசம எண், பின்னால் ‘இ+06’

ஹாஷின் 7 எழுத்தும் எண்களாகவே அமைந்துவிட்டது. யாமல் அதை எண்ணாகப் படித்துவிட்டது, ஹெல்ம் (குபர்நெட்டிஸ் ஃபைல்களைத் தயாரிக்கும் கருவி) அதை அறிவியல் குறியீட்டில் எழுதிவிட்டது. இமேஜ் டேக்காக இருந்தால் இமேஜே கிடைக்காமல் டிப்ளாய் நின்றிருக்கும். அரிதானது என்று விட்டுவிட முடியாது: ஓர் எழுத்து எண்ணாக இருக்கும் வாய்ப்பு 16-இல் 10, ஏழும் அப்படி அமையும் வாய்ப்பு சுமார் 3.7 சதவீதம். 27 டிப்ளாயில் ஒன்று. நடுவில் ஒரே ஒரு ‘இ’ வந்தாலும் சில யாமல் படிப்பான்கள் அதை அடுக்குக்குறியாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கினால் எட்டடிமான (ஆக்டல்) எண்ணாகவும் ஆகலாம். யாமலில் மேற்கோள் குறி போடுங்கள், ஹெல்மில் ‘--செட்’டுக்குப் பதில் ‘--செட்-ஸ்டிரிங்’. இன்னும் உறுதியான வழி, டேக்கின் முன்னால் ‘ஷா-’ என்று ஒட்டிவிடுவது.

அறிகுறி: சுத்தமான சிஐ பில்டிலும் ‘-டர்ட்டி’ என்று வருகிறது

கமிட் ஆகாத மாற்றம் இருக்கிறது என்பதே ‘டர்ட்டி’. பில்டின் நடுவில் ஏதோ ஒன்று ட்ராக் செய்யப்பட்ட ஃபைலை மாற்றுகிறது. ‘கிட் ஸ்டேட்டஸ்’, ‘கிட் டிஃப்’ இரண்டையும் வெர்ஷன் எடுக்கும் வரிக்கு முன்னால் ஓட்டி லாகில் பாருங்கள். பெரும்பாலும் பேக்கேஜ்-லாக்.ஜேசன் மாறியிருக்கும், ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அதை மாற்றி எழுதும், ‘என்பிஎம் சிஐ’ எழுதாது. விண்டோஸ் ரன்னரில் வரிமுடிவு, சில மவுண்ட்களில் ஃபைல் அனுமதி பிட் ஆகியவையும் காரணமாகும். டர்ட்டி என்பதை மறைக்க அந்த ஆப்ஷனை நீக்காதீர்கள். டெவலப்பர் லேப்டாப்பிலிருந்து நேராகப் போன பில்டை அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: வெர்ஷன்.ஜேசனைப் படிக்கும்போது ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <’

ஃபைல் அங்கே இல்லை. ஒற்றைப்பக்க ஆப்புக்காக எழுதிய ‘ட்ரை_ஃபைல்ஸ்’, இல்லாத எந்த முகவரிக்கும் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லை 200 நிலையோடு தந்துவிடுகிறது. அந்த ‘<’ எச்டிஎம்எல்லின் முதல் எழுத்து. வெர்ஷன்.ஜேசனுக்குத் தனி லொகேஷன் எழுதி, ஃபைல் இல்லையென்றால் 404 தரச் சொல்லுங்கள். பிறகு ஃபைல் ஏன் பில்ட் ஃபோல்டருக்குள் போகவில்லை என்று தேடுங்கள். வைட்டில் அது ‘பப்ளிக்’ ஃபோல்டரில் இருந்தால்தான் அப்படியே காப்பியாகும், அதுவும் பில்ட் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கோ, ஸ்பிரிங் பூட், பைத்தான்: சுருக்கமாக

கோ 1.18 முதல் கமிட் ஹாஷை பைனரியில் தானாகவே பதிக்கிறது, ‘விசிஎஸ்.ரிவிஷன்’ என்று படிக்கலாம். ‘கோ பில்ட்’டுக்குப் பேக்கேஜ் பாதை தராமல் ஃபைல் பெயர் கொடுத்தால் பதியாது. ‘-எல்டிஃப்ளாக்ஸ்’ வழியாக எழுதுபவர்கள்: மாறி ‘வார்’ ஸ்டிரிங்காக இருக்க வேண்டும், கான்ஸ்டன்ட் ஆகாது, பேக்கேஜ் பாதையில் ஓர் எழுத்து தவறினாலும் லிங்கர் வாய் திறக்காது.

ஸ்பிரிங் பூட்டில் ‘/ஆக்சுவேட்டர்/இன்ஃபோ’ 404 தந்தால், 2.5 முதல் வெப்பில் ‘ஹெல்த்’ மட்டுமே இயல்பாகத் திறந்திருக்கிறது என்பதே காரணம். இன்ஃபோவை எக்ஸ்போஷர் பட்டியலில் சேருங்கள். திறந்தும் கிட் தகவல் இல்லையென்றால் ஜாருக்குள் கிட்.பிராப்பர்ட்டீஸ் இல்லை, மேவனின் கிட் கமிட் ஐடி பிளக்-இன் ஓடியதா பாருங்கள்.

பைத்தானில் எடிட்டபிள் இன்ஸ்டால் செய்திருந்தால் கோட் மாறும், மெட்டாடேட்டாவில் இருக்கும் வெர்ஷன் மாறாது. அது இன்ஸ்டால் செய்த நாளோடு நின்றுவிட்டது.

யாருக்குக் காட்டுவது

தனியார் ரெப்போவின் ஹாஷ் வெளியாட்களுக்குப் பெரிதாக உதவாது. திறமூல ஆப் என்றால் நிலைமை வேறு. எந்தப் பாதுகாப்பு ஃபிக்ஸ் இன்னும் ஏறவில்லை என்று ஹாஷை வைத்துப் பார்த்துவிடலாம். அப்படியானால் லாகின் செய்த அட்மினுக்கு மட்டும் காட்டுங்கள். பிராஞ்ச் பெயர், ஹோஸ்ட்நேம், லைப்ரரி வெர்ஷன்கள் ஆகியவை பொதுவெளியில் எந்த ஆப்பிலும் வேண்டாம்.

சர்வரில் நேராக ‘கிட் புல்’ செய்து டிப்ளாய் செய்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: பொது முகவரிக்குப் பின்னால் ‘/.கிட்/ஹெட்’ என்று சேர்த்துத் திறந்து பாருங்கள். ‘ரெஃப்:’ என்று தொடங்கும் ஒரு வரி தெரிந்தால் முழு சோர்ஸ் கோடையும் யார் வேண்டுமானாலும் இறக்கலாம். வெப் ரூட்டை ‘.கிட்’ இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு படி உள்ளே ‘பப்ளிக்’ போன்ற ஃபோல்டருக்கு மாற்றி, என்ஜின்எக்ஸில் புள்ளியில் தொடங்கும் பாதைகளை மறுக்கும் விதியையும் அன்றே எழுதுங்கள் (சான்றிதழ் புதுப்பிப்புக்குத் தேவையான ‘.வெல்-நோன்’ பாதையை மட்டும் விட்டுவிட்டு). கமிட்களில் எப்போதாவது பாஸ்வேர்டோ கீயோ ஏறியிருந்தால், அவை கசிந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.